லைன் வீட்டுக் கூரைக்கு யார் பொறுப்பு?

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லைன் வீடு என்பார்கள். ஒரே நீளக் கூரைக்குக் கீழே, பக்கத்துச் சுவரைப் பகிர்ந்துகொண்டு, பல குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் கட்டடம் அது. பெரும்பாலும் வாடகை இல்லை, இருந்தாலும் பெயருக்குத்தான். வாடகை ரசீது, ஒப்பந்தம் என்று எதுவும் கையில் இருக்காது. வேலையில் சேர்ந்தால் வீடு கிடைக்கும், வேலை போனால் வீடும் போகும். கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வது, சொல்லியும் நடக்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்ற கேள்விகள் மற்ற வாடகை வீடுகளைவிட இங்கே சிக்கலாவதற்குக் காரணம் ஒன்றுதான்: வீட்டுக்காரரும் முதலாளியும் ஒரே ஆள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஏறக்குறைய இருநூறு வயது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியை நட்டு வளர்த்தார். அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் கிரேஞ்ச் எஸ்டேட் இன்றும் இருக்கிறது. மலையில் ஏற்கெனவே ஊர்கள் இருந்தன. மலையாளிப் பழங்குடியினர் தங்கள் நிலத்தில் தினையும் ராகியும் விளைவித்து வாழ்ந்தார்கள். ஆனால் தோட்டத்துக்கு வேண்டியது வருடம் முழுவதும் காலையில் பெயர் கூப்பிட்டால் வந்து நிற்கும் ஆட்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சாலையே சரியாக இல்லாத காலத்தில், சமவெளியிலிருந்து அழைத்து வந்தவர்களைத் தங்கவைக்காமல் செடியைக் காப்பாற்ற முடியாது. நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீளும் பழப் பறிப்புக்கு ஆள் பற்றாக்குறை வந்தால் வருட வருமானமே போய்விடும். ஆக, லைன் வீடு இரக்கத்தில் கட்டியது அல்ல. காப்பி உலர்த்தும் களத்தையும் கூழாக்கும் எந்திரத்தையும் போல அதுவும் தோட்டத்தின் ஓர் உறுப்பு. பின்னாளில் வந்த சட்டங்களும் அதை அந்தக் கண்ணோடுதான் பார்த்தன.

மலைக் கட்டடம் எப்படிப் பழுதாகிறது என்று தெரிந்தால்தான் சட்டத்தில் எது குறைகிறது என்பது புரியும். பழைய லைன்களின் சுவர் பெரும்பாலும் கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டியது. அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையின் ஈரம் சுவர் வழியே முழங்கால் உயரம் வரை ஏறி, பூச்சைப் பொலபொலவென்று உதிர்க்கும். கூரையில் ஓடு இருந்தால் குரங்குக்கு அது ஓட்டப்பந்தய மைதானம்; நான்கு ஓடு நகர்ந்தாலே அடுத்த மழைக்கு உத்தரம் நனைந்துவிடும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ போட்டிருந்தால், ஷீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போல்ட்டில்தான் கோளாறு தொடங்குகிறது. போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷர் வெயிலில் காய்ந்து வெடித்ததும், அந்த ஓட்டை வழியாகச் சொட்டும் தண்ணீர் மரச்சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இற்றுப்போக வைக்கிறது. ஐந்து ரூபாய் வாஷரை மாற்றாமல் விட்டதற்கு விலையாகச் சில வருடங்களில் சட்டத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

லைன் வீட்டில் இன்னொரு தொல்லை உண்டு. கூரை பொதுவானது. மூன்றாம் வீட்டு ஷீட் நான்காம் வீட்டு ஷீட்டின்மேல் ஏறி நிற்கும். ஒரு குடும்பம் தன் தலைக்கு மேல் இருப்பதை மட்டும் சரிசெய்தால், தண்ணீர் வேறு வழி தேடிப் பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கும். அதனால்தான் குடியிருப்பவர்கள் தாங்களாகச் செய்யும் மராமத்து, தார்ப்பாயை விரித்துக் கல்லும் பழைய டயரும் வைத்து அழுத்துவதோடு நின்றுவிடுகிறது. முழுக் கூரையையும் பிரித்து மேய்வது எஸ்டேட் நிர்வாகத்தால் மட்டுமே ஆகிற காரியம். அதற்கும் வசதியான காலம் பறிப்பு முடிந்த பிறகு, கோடை மழை இறங்குவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்கள்தான். அந்த வாரங்களைத் தவறவிட்டால், மழைக் காலம் முழுவதும் பாத்திரம் வைத்துச் சொட்டுப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

விடுதலைக்குப் பின் நாடாளுமன்றம் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951, நடைமுறைக்கு வந்தது 1954 ஏப்ரல் 1 அன்று. அதன் 15ஆம் பிரிவு, தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் தேவையான வீட்டு வசதியைச் செய்து தருவதையும் அதைப் பராமரிப்பதையும் முதலாளியின் கடமை ஆக்கியது. தோட்டத்துக்கு வெளியே வசிப்பவர் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்துவிட்டு, உள்ளே வந்து குடியிருக்க விரும்புவதாக எழுத்தில் கேட்டால் அவருக்கும் வீடு தர வேண்டும். வீடு எந்த அளவில் இருக்க வேண்டும், எந்த இடத்தில் கட்ட வேண்டும், வாடகை வாங்கினால் எவ்வளவு என்பதையெல்லாம் விதிகளில் வகுக்கும் அதிகாரத்தை 16ஆம் பிரிவு மாநில அரசுகளுக்குக் கொடுத்தது. வீடுகளை ஆபத்தில்லாத நிலையில் வைத்திருக்கும் செலவு முதலாளியுடையது, வருடாந்திர மராமத்தும் சிறப்பு மராமத்தும் அவர் பொறுப்பு, குறை இருந்தால் தொழிலாளி நிர்வாகத்திடமோ ஆய்வாளரிடமோ தெரிவிக்கலாம் என்ற வாசகங்கள் பல மாநிலங்களின் தோட்டத் தொழிலாளர் விதிகளில் இருந்தன. முதலாளிகளுக்குக் கை கொடுக்க, தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்காக 1956இல் அரசு ஒரு கடன் திட்டமும் கொண்டுவந்தது.

காகிதத்தில் இது வலுவான உரிமைதான். நகரத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு வீடு தேடித் தர எந்தச் சட்டமும் இல்லாதபோது, தோட்டத் தொழிலாளிக்கு வீடே சட்டப்படி வர வேண்டிய ஒன்றாக இருந்தது. பலவீனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, மருத்துவ வசதியை முதலாளி செய்து தராவிட்டால் தலைமை ஆய்வாளரே அதை ஏற்படுத்தி, செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்று சொன்னது. வீட்டைப் பற்றிய 15ஆம் பிரிவில் அப்படி ஒரு வாசகம் இல்லை. மருந்தகத்தில் கதவு இல்லையென்றால் அரசு மாட்டிவிட்டுப் பில்லை அனுப்பலாம். வீட்டில் கூரை இல்லையென்றால் வழக்குப் போட வேண்டும். வழக்கில் தண்டனை கிடைத்தாலும், அபராதம் அரசுக் கணக்குக்குப் போகுமே தவிர ஷீட்டாக மாறி வராது. குறையை இத்தனை நாளுக்குள் சரிசெய் என்று நீதிமன்றம் உத்தரவு போட 1981 திருத்தம் வழி செய்தது. ஆனால் ஆய்வு, குற்றச்சாட்டு, விசாரணை, தீர்ப்பு என்று அந்த இடத்துக்கு வந்து சேர்வதற்குள் கூரை எத்தனையோ மழையைப் பார்த்துவிடும்.

நகரத்து வாடகைதாரருக்கு இருக்கும் ஓர் ஆயுதத்தோடு இதை ஒப்பிடலாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2017, எந்த மராமத்து யாருடையது என்று அட்டவணையே போட்டிருக்கிறது. கட்டடத்தின் அமைப்பில் வரும் பழுது, சுண்ணாம்பு அடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்கம்பி இழுப்பது எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, சாக்கடை அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை. உரிமையாளர் தன் பங்கைச் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் கழிக்கும் தொகை வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அவசிய வசதிகளை வேண்டுமென்றே துண்டிப்பதற்கும் தடை இருக்கிறது.

இந்தச் சட்டம் லைன் வீட்டுக்குப் பொருந்தாது. நிறுவனமோ அமைப்போ தன் ஊழியருக்குப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாகத் தரும் வீடுகளுக்கு அதில் வெளிப்படையாகவே விலக்கு உண்டு. அரசும் உள்ளாட்சியும் சொந்தமாக வைத்திருக்கும் கட்டடங்களுக்கும் விலக்கு. பொருந்தினாலும் பெரிய லாபம் இருக்காது. வாடகையே இல்லாத இடத்தில் எதில் கழிப்பது? இலவச வீடு என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மராமத்துக்கு மறுக்கும் வீட்டுக்காரரை வழிக்குக் கொண்டுவர நகரத்தில் இருக்கும் ஒரே எளிய கருவி வாடகைதான். லைனில் இருப்பவரிடம் அது இல்லை. மிஞ்சுவது மேஸ்திரியிடம் சொல்லி, மேஸ்திரி ரைட்டரிடம் சொல்லி, ரைட்டர் மேனேஜரிடம் சொல்லும் பாதை மட்டும். அந்தப் பாதை முழுக்க வாய்மொழி. நாளைக்கு எந்த வேலைக்கு எந்தக் காட்டுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவரிடமே இன்று கூரையைப் பற்றி முறையிட வேண்டும். புகார்கள் குறைவாகப் பதிவாவதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதோடு 1951 சட்டம் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் இப்போது இருப்பவை, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020 தொகுப்பும் சமூகப் பாதுகாப்பு பற்றிய 2020 தொகுப்பும். முதல் தொகுப்பின் 92ஆம் பிரிவு தோட்டத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் குடிநீர், சமையலறை, கழிப்பறை உட்பட வீட்டு வசதி என்று சொல்கிறது. பழைய சட்டம் வெறுமனே வீடு என்று விட்ட இடத்தில் கழிப்பறையையும் சமையலறையையும் பெயர் சொல்லிச் சேர்த்தது முன்னேற்றம்தான். அதே நேரத்தில் கட்டமைப்பில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு கடமையைச் சட்டமே நேரடியாக முதலாளியின் தலையில் வைத்தது. இப்போது இந்த வசதிகளை முதலாளிகள் செய்து தர வேண்டும் என்று மாநில அரசு விதி வகுக்கலாம் என்கிறது பிரிவு. முதலாளி தன் சொந்தப் பணத்திலிருந்தோ, மத்திய, மாநில அரசு அல்லது ஊராட்சித் திட்டங்களின் வழியாகவோ வசதியைச் செய்து தரலாம் என்றும் அது சேர்த்துச் சொல்கிறது. ஆக, ஏற்காட்டு லைன் வீட்டின் மராமத்து எவ்வளவு உறுதியான உரிமை என்பதைச் சென்னையில் எழுதப்படும் விதிகளே தீர்மானிக்கும். புதிய விதி வரும்வரை, தொகுப்புக்கு முரண்படாத அளவில் பழைய விதிகளுக்கு உயிர் உண்டு.

யாருக்குப் பொருந்தும் என்ற எல்லைக் கோடும் நகர்ந்திருக்கிறது. 1951இல் 25 ஏக்கரும் 30 ஆட்களும் இருந்தால்தான் அது சட்டத்தின் கண்ணில் தோட்டம். 1981 திருத்தம் அதை 5 ஹெக்டேர், 15 ஆட்கள் என்று இறக்கியது. புதிய தொகுப்பில் 5 ஹெக்டேர், 10 ஆட்கள். சேர்வராயன் மலைக்கு இந்தக் கணக்கு முக்கியம். சிறு விவசாயிகளின் காப்பிக் காடுகள் இங்கே ஏராளம். அவற்றில் பல ஐந்து ஹெக்டேரை எட்டாதவை. அங்கே காவலுக்கும் களை எடுப்பதற்கும் ஒரு குடும்பத்தை வீட்டோடு வைத்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு 2017 சட்டமும் இல்லை, தோட்டச் சட்டமும் இல்லை. பெரிய எஸ்டேட் துண்டு துண்டாக விற்கப்பட்டு, ஒரு பகுதி ரிசார்ட்டாகவும் இன்னொரு பகுதி வாரக் கடைசி பங்களாக்களாகவும் மாறும்போதும் இதே நிலைதான். லைன் நிற்கும் துண்டை வாங்கியவர் காப்பி முதலாளியே இல்லையென்றால், வீட்டைப் பராமரிக்கும் கடமை எந்தக் கையில் இருக்கிறது என்பதே வழக்காகிவிடும்.

வீடு இடிந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதில் சட்டம் கொஞ்சம் தெளிவு. 1981இல் சேர்க்கப்பட்ட 16ஏ பிரிவும், இப்போது அதன் இடத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 75ஆம் பிரிவும் சொல்வது ஒன்றே. முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தில் ஒருவரோ இறந்தாலோ காயப்பட்டாலோ முதலாளி இழப்பீடு தர வேண்டும். இரண்டு விலக்குகள் உண்டு: இடிபாட்டுக்கு முழு நேரடிக் காரணம் குடியிருந்தவரின் தவறாக இருந்தாலும், இயற்கைச் சீற்றமாக இருந்தாலும் முதலாளிக்குப் பொறுப்பில்லை. தொழிலாளியின் மனைவியோ குழந்தையோ வேலைக்கே போகாதவராக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது விலக்கில்தான் வம்பு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லைன்களை மூடியது. இறந்தவர்கள் 70 பேர், பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையின் பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில், அங்கே லயன்கள் எனப்படும் லைன் வீடுகள் புதைந்தன. அந்தச் சரிவு ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். மலை சரிவது இயற்கைச் சீற்றம், சரி. சரியக்கூடிய இடத்துக்குக் கீழே வீட்டைக் கட்டியதும், எச்சரிக்கைக்குப் பிறகும் அங்கேயே குடும்பங்களை வைத்திருந்ததும் இயற்கையின் வேலையா? வீடு கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதையும் விதிகளுக்குள் கொண்டுவர 1951 சட்டமே அதிகாரம் கொடுத்திருந்தது என்பதை இங்கே நினைக்கலாம். சேர்வராயனும் இதற்கு வெளியே இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவை உண்டாக்கிப் போக்குவரத்தை முடக்கியது. ஏற்கெனவே உளுத்துப்போன சுவர் அப்படி ஒரு மழையில் விழுந்தால், மழை காரணமா மராமத்து செய்யாதது காரணமா என்பதை நிரூபிக்க வேண்டிவரும். முன்கூட்டியே கொடுத்த எழுத்துப் புகார் ஒன்று கையில் இருந்தால், அந்த இடத்தில் அதற்குத்தான் மதிப்பு.

வேலை முடியும்போது வீடு என்னவாகும் என்பது மராமத்தைவிடப் பெரிய கேள்வியாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் ஒரே கேள்விதான். ஐம்பத்தெட்டு வயதில் காலிசெய்ய வேண்டிய வீட்டுக்கு எந்தக் குடும்பமும் சொந்தக் காசில் சிமென்ட் தரை போடாது. ஆட்களைக் குறைத்துக்கொண்டே வரும் நிர்வாகமும் பாதி காலியான லைனுக்குப் புது ஷீட் வாங்காது. நடுவே, பணிக்கொடை நிலுவை கைக்கு வராததால் போக்கிடமில்லாமல் ஓய்வுக்குப் பிறகும் லைனிலேயே இருப்பவர்களைத் தோட்டப் பகுதிகள் எல்லாவற்றிலும் பார்க்கலாம். அவர்கள் இருப்பதே அனுமதியில்லாமல் என்றாகிவிட்டதால், கூரையைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள்.

இதன் கடைசிக் கட்டம் எப்படி இருக்கும் என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை சாட்சி. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம் அது. குத்தகை 2028இல் முடிவதால் 2024இல் நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. தலைமுறைகளாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள், தோட்டத்தை அரசின் டேன்டீ நிறுவனம் எடுத்து நடத்த வேண்டும் என்று உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலையோடு ஒட்டிய வீட்டில் எத்தனை தலைமுறை இருந்தாலும் வீட்டின்மேல் தனி உரிமை பிறப்பதில்லை என்பது மாஞ்சோலையில் நடைமுறையில் தெரிந்தது.

அரசு வீட்டுத் திட்டங்கள் இந்த இடைவெளியை நிரப்பலாமே என்று தோன்றும். 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்ட ரூ. 3.5 லட்சம் தருகிறார்கள். ஆனால் கட்டுவதற்குச் சொந்த மனை வேண்டும். லைன் நிற்கும் மண் எஸ்டேட்டுடையது. தொழிலாளியின் ஆதார் அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் அந்த முகவரி இருக்கலாம், பட்டாவில் இருக்காது. மலையாளிக் குடும்பத்தினர் பலருக்கு ஊரில் சொந்த நிலம் இருப்பதால் அவர்களுக்கு இந்தத் திட்டம் எட்டும். சமவெளியிலிருந்து தாத்தா காலத்தில் வந்து லைனிலேயே தங்கிவிட்டவர்களுக்கு எட்டாது. அரசே கட்டிக் கொடுக்கும் அடுக்குமாடி வீடுகளிலும் மராமத்துப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்துக் குடும்பங்கள் முன்னதாக வெளியேறியதால் உயிர் தப்பினார்கள்.

வெளிநாடுகளில் இதே முடிச்சை வேறு விதமாக அவிழ்க்கப் பார்த்திருக்கிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1961இல் வெளியிட்ட 115ஆம் பரிந்துரை, ஊரிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் தொழிலிடம் போன்ற தவிர்க்க முடியாத சூழல் தவிர, முதலாளியே நேரடியாகத் தொழிலாளிக்கு வீடு தருவது பொதுவாக விரும்பத்தக்கது அல்ல என்றது. அதற்கு மூன்று வருடம் முன்பு வந்த தோட்டங்கள் பற்றிய 110ஆம் உடன்படிக்கை, வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கு வீட்டைக் காலிசெய்ய நியாயமான அவகாசம் தர வேண்டும் என்றது. அதை இலங்கை ஏற்றிருக்கிறது, இந்தியா ஏற்கவில்லை. இலங்கை மலையகத்தில் லயன்களைப் பழுதுபார்த்துக்கொண்டே இருப்பதைவிட ஏழு பேர்ச் அளவு காணியில் தனி வீடு என்பதே இப்போது கோரிக்கை. இந்திய அரசின் உதவியில் அங்கே ஆயிரக்கணக்கான தனி வீடுகள் எழும்பியிருக்கின்றன. பண்ணை வேலையோடு ஒட்டிய குடிசைகள் இங்கிலாந்திலும் இருந்தன. 1976இல் வந்த வேளாண் வாடகைச் சட்டம், வேலை போனாலும் அந்தக் குடும்பம் வாடகைதாரராகத் தொடரலாம், புது வேலைக்காரருக்கு அந்த வீடு தேவையென்றால் பழைய குடும்பத்துக்கு மாற்று வீடு தர உள்ளாட்சி முயல வேண்டும் என்று ஏற்பாடு செய்தது.

மராமத்துக்குக் கால வரம்பு வைப்பதற்கும் இங்கிலாந்தில்தான் அண்மைய முன்மாதிரி. ராச்டேல் நகரில் சமூக வீட்டு வசதி நிறுவனத்தின் குடியிருப்பில், சுவரில் படர்ந்த பூஞ்சையால் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். அவன் தந்தை பூஞ்சையைப் பற்றி 2017 முதலே புகார் சொல்லிவந்தவர். குழந்தையின் பெயராலேயே அழைக்கப்படும் சட்டத்தின் முதல் கட்டம் 2025 அக்டோபர் 27 அன்று நடைமுறைக்கு வந்தது. உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் வேலை நடக்க வேண்டும். ஈரம், பூஞ்சை பற்றிய கடுமையான புகாரைப் பத்து வேலை நாளுக்குள் ஆராய வேண்டும். ஆபத்து உறுதியானால் அடுத்த ஐந்து வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். ஆபத்து இருக்கலாம் என்று நிறுவனத்துக்குத் தெரியவந்ததிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இந்தியத் தோட்டச் சட்டத்தில் 1951இலிருந்து இல்லாதது இந்தக் கடிகாரம்தான். மாநில விதிகளில் ஒரே ஒரு வரியாக அதைச் சேர்ப்பதற்கு நாடாளுமன்றம் வரை போக வேண்டியதில்லை.

இன்றைய நிலையில் லைன் வீட்டுக்காரர் என்ன செய்யலாம்? முதல் வேலை, வாய்மொழியை எழுத்தாக்குவது. லைன் பெயர், வீட்டு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தப் பழுது, யார் யார் அந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதி, நிர்வாகத்திடம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்க வேண்டும்; கையெழுத்துப் போட மறுத்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பலாம். கூரை பொதுவானது என்பதால் லைனில் உள்ள எல்லோரும் சேர்ந்து கையெழுத்திடுவது பொருத்தம். தனி ஒருவர்மேல் நிர்வாகத்தின் கோபம் திரும்பாமல் இருக்கவும் அது உதவும். தேதி தெரியும் செல்போன் படங்கள் இருந்தால் பின்னாளில் சாட்சி. அடுத்து, தொழிலாளர் துறை. புதிய தொகுப்பில் ஆய்வாளருக்கு ஆலோசகர் வேலையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே ஆய்வு என்பதைப் பெரும்பாலும் கணினி தீர்மானிக்கிறது. ஆகவே ஜீப் எப்போதாவது வரும் என்று காத்திருப்பதைவிட எழுத்துப் புகார் அனுப்புவதே வழி. தொகுப்பின் பொதுத் தண்டனை இரண்டு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தின் தொகைகளோடு பார்த்தால், நிர்வாகங்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கும் அளவுக்கு அது பெரிது.

சேலம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கும் மனுவுக்குச் சட்ட அதிகாரம் குறைவு. ஆனால் மனு எண் விழும், எந்தத் துறைக்குப் போனது என்று தெரியும். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த எண்ணை வைத்தே நடவடிக்கையைக் கேட்கலாம். தொழிற்சங்கம் உள்ள தோட்டத்தில் மராமத்துக் கோரிக்கையைத் தொழில் தகராறாக எழுப்பலாம். வழக்கமாகக் கொடுத்துவந்த சலுகையை முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்துவது பழைய தொழில் தகராறு சட்டத்திலும் தொழில் உறவுகள் பற்றிய புதிய தொகுப்பிலும் தடுக்கப்பட்டிருப்பதால், புகார் கொடுத்ததற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் அதையே தகராறாக்க முடியும்.

வழக்குச் செலவை நினைத்துப் பின்வாங்க வேண்டியதில்லை. 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. லைன்களில் குடியிருப்பவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இவற்றில் ஏதேனும் ஒன்றில் அடங்கிவிடுவார்கள். 15100 என்ற எண்ணில் அழைத்தோ, சேலம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ கேட்கலாம். தங்குமிடம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சமேலி சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. தனியார் எஸ்டேட்மேல் அந்தத் தீர்ப்பை நேராகப் பாய்ச்ச முடியாது. ஆனால் புகார் வந்தும் அசையாத துறையைக் கடமையைச் செய்யச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடியும். அப்படி ஒரு மனுவில் நீதிபதி முதலில் கேட்பது, புகார் எந்தத் தேதியில் யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதைத்தான்.